எரிசாராயத்தில் ஓடும் கார்கள்



பரேலி கிளைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. இந்த ஊரில் வங்கி வேலை என்றால் பாதி நாள் கரும்புப் பேச்சுதான். ஆலை தரவேண்டிய பாக்கி, விவசாயியின் பயிர்க்கடன், டிஸ்டில்லரி கட்ட ஆலை கேட்கும் டெர்ம் லோன் என்று ஃபைலுக்கு ஃபைல் மொலாசஸ் வாசனை அடிக்கும். பி.காம். படித்துவிட்டு டெபிட், கிரெடிட் என்று இருந்தவனுக்கும் எத்தனால் பற்றி நாலு விஷயம் தெரிந்துவிட்டது. அதைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

இங்குள்ள நம் ஊர்க் குடும்பங்கள் நல்ல நாள், விசேஷம் என்று கூடும்போது இப்போதெல்லாம் இரண்டு பேச்சு தவறாமல் வருகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள், "எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் போச்சு சார்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள், "அங்கிள், டர்போ வண்டியை ஈ85-க்கு மாத்தினா பவர் எங்கேயோ போயிடும்" என்கிறார்கள். (ஈ20 என்றால் 20 சதவீதம் எத்தனால், மீதி பெட்ரோல். ஈ85 என்றால் 85 சதவீதம் வரை எத்தனால். அம்புட்டுதான்.)

விசித்திரம் என்னவென்றால், இரண்டு பேர் சொல்வதும் சரி. அதே எரிசாராயம் அப்பா காரில் மைலேஜைத் தின்கிறது, பிள்ளை ஆசைப்படும் காரில் குதிரைத்திறனைக் கூட்டுகிறது. எப்படி? இதற்குப் பதில் பாதி கணக்கில் இருக்கிறது, மீதி வரலாற்றில் இருக்கிறது.

முதலில் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் 20 சதவீதம் கலந்தால் எவ்வளவு குறையும்? 20-ஐ மூன்றால் வகுத்தால் 6.7. நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையிலும் ஏறக்குறைய இதே விடைதான் இருக்கிறது. எத்தனாலுக்கென்று வடிவமைக்காமல், ஈ10-க்கு மட்டும் டியூன் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றது அது. ஈ10-க்கு வடிவமைத்து ஈ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான் குறையும் என்றும் சொன்னது. அதாவது நஷ்டத்தில் பெரும்பகுதியை டியூனிங் திரும்பப் பிடித்துத் தந்துவிடும்.

அது எப்படி முடிகிறது? எத்தனாலுக்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. ஒன்று, ஆக்டேன் எண். ஈ20 வருமுன் நம் சாதாரண பெட்ரோலுக்கு 91 என்றால் எத்தனாலுக்கு 108 அளவில் வரும். ஆக்டேன் கூடினால், பிஸ்டன் இன்னும் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்காமல் தாங்கும். அந்த அவசர வெடிப்பைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். இரண்டாவது, குளிர்ச்சி. ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதே, அதே சமாசாரம்தான் சிலிண்டருக்குள்ளும் நடக்கிறது. ஆவியாகும்போது எத்தனால் சூட்டை இழுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்றை டர்போ இன்னும் திணிக்கலாம். அதிகக் காற்று, அதிக எரிபொருள், அதிக பவர்.

ஆகவே இந்த வரவைத் தெரிந்துகொண்டு எடுக்கிற இன்ஜினுக்கு லாபம். தெரியாத இன்ஜினுக்குச் செலவு மட்டும்தான். இந்த விஷயம் நூறு வருடத்துக்கு முன்பே தெரியும் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஈயம் வந்த கதை

கார் இன்ஜினுக்கு அடிப்படையான நாலு ஸ்ட்ரோக் முறைக்குப் பெயர் கொடுத்த ஜெர்மானியர் நிக்கோலஸ் ஆட்டோ, 1860-களின் தொடக்கத்தில் சோதனைக்கு எடுத்துக்கொண்டது எரிசாராயத்தைத்தான். அமெரிக்காவிலும் அப்போது விளக்கெரிக்கச் சாராயம் புழங்கியது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862-இல் அங்கே சாராயத்துக்கு வரி போட்டார்கள். குடிக்கிற சாராயம், எரிக்கிற சாராயம் என்று பேதம் பார்க்கவில்லை. வரி ஏறி ஏறி ஒரு கேலனுக்கு 2 டாலரைத் தாண்டியது. விளக்குச் சந்தை மண்ணெண்ணெய்க்குப் போய்விட்டது. 1906-இல்தான் தொழிலுக்குப் பயன்படும் சாராயத்துக்கு வரி நீங்கியது. அதற்குள் பெட்ரோல் வேரூன்றிவிட்டது.

1920 வாக்கில் கார் கம்பெனிகளுக்கு நாக்கிங் பெரிய தலைவலி. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய மேலதிகாரி சார்லஸ் கெட்டரிங்கும் மருந்து தேடினார்கள். சாராயம் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்று அவர்களுக்கே தெரியும். ஆனால் பத்து சதவீதமாவது கலக்க வேண்டும், அதற்குக் காப்புரிமையும் வாங்க முடியாது. 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் அதே வேலையைச் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கேலனுக்குச் சில கிராம் போதும், காப்புரிமையும் உண்டு. 1923-இல் விற்பனைக்கு வந்தது. 1924-இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் ஈய விஷம் ஏறி இறந்தார்கள். அப்படியும் விற்பனை நிற்கவில்லை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டுதான் ஒழிந்தது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது.

காப்புரிமை இல்லாத சரக்குக்கு ஆள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாலையில் ஈயம் ஜெயித்தாலும், பந்தயத் தடத்தில் ஆல்கஹால் தங்கிவிட்டது. 1964 இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் பெட்ரோல் தீப்பிடித்து இரண்டு ஓட்டுநர்கள் இறந்தபின், அங்கே கார்கள் மெத்தனாலுக்கு மாறின. 2007-இல் அதே தொடர் எத்தனாலுக்கு மாறியது. பிள்ளைகள் சொல்லும் 'பவர்' சங்கதிக்குப் பூர்வீகம் அங்கேதான்.

பிரேசில்: மாற்றியவர்கள், மாட்டியவர்கள்

எத்தனால் காருக்குப் பாடம் படிக்க வேண்டுமென்றால் பிரேசிலுக்குத்தான் போக வேண்டும். கரும்பு விளையும் நாடு. 1931-லேயே பெட்ரோலில் 5 சதவீதம் கலக்கச் சட்டம் போட்டவர்கள். 1973-இல் கச்சா எண்ணெய் விலை எகிறியதும் அந்நியச் செலாவணி கரைந்தது. 1975 நவம்பர் 14 அன்று 'ப்ரோஆல்கூல்' என்ற திட்டத்தை அறிவித்தார்கள்.

இன்ஜினை மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டது ஒரு விமானப்படை ஆராய்ச்சி மையம். சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் என்ற ஊரில், உர்பானோ எர்னெஸ்டோ ஸ்டம்ப் என்ற பேராசிரியர் தலைமையில் வேலை நடந்தது. 1976-இல் ஒரு டாட்ஜ், ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில், ஒரு குர்ஜல் என்று மூன்று கார்களை எத்தனாலுக்கு மாற்றி நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார்கள். 1979-இல் ஃபியட் 147, தொழிற்சாலையிலிருந்தே எத்தனால் காராக வெளிவந்தது. புகையில் அடித்த வாசனையால் அந்தக் காருக்கு 'குட்டிச் சாராயம்' என்கிற மாதிரிப் பட்டப்பெயர் கிடைத்தது.

இடையில் சறுக்கலும் உண்டு. பெட்ரோல் காரை எத்தனாலுக்கு மாற்றித் தருகிறோம் என்று பட்டறைகள் கிளம்பின. எல்லாரும் சரியாகச் செய்யவில்லை. கார்புரேட்டர் அரித்தது, குளிர்காலக் காலையில் வண்டி கிளம்பவில்லை, எரிபொருள் கணக்கில்லாமல் போனது. பெயர் கெட்டு 1981-இல் எத்தனால் கார் விற்பனை சடாரென்று விழுந்தது. பிறகு உலோகத்துக்கு முலாம், தாங்கக்கூடிய ரப்பர், குளிர் நேரத்தில் கிளப்ப பானட்டுக்குள் ஒரு குட்டிப் பெட்ரோல் டாங்க் என்று ஒவ்வொன்றாகச் சரி செய்தார்கள். 1980-களின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் எத்தனால் கார்கள்!

இங்கேதான் ஒரு வங்கிக்காரன் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. 1986-இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. எத்தனாலுக்கு அரசு தந்த விலை ஆலைகளுக்குக் கட்டவில்லை. சர்க்கரைக்கு நல்ல விலை கிடைத்ததும் கரும்பு அந்தப் பக்கம் போனது. 1989-இல் பங்க்குகளில் எத்தனால் தீர்ந்தது. அந்தக் கார்களோ எத்தனாலில் மட்டும் ஓடுபவை. லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் அரசு வெளிநாட்டிலிருந்து மெத்தனால் இறக்குமதி செய்து, எத்தனாலும் பெட்ரோலும் சேர்த்து ஒரு கலவை போட்டுச் சமாளித்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க ஆரம்பித்த திட்டத்தைக் காப்பாற்ற இன்னொரு எரிபொருளை இறக்குமதி செய்தார்கள்!

மக்கள் இதை மறக்கவில்லை. 1990-களின் கடைசியில் புதுக் கார்களில் நூற்றுக்கு ஒன்றுகூட எத்தனால் கார் இல்லை. இன்ஜினில் குறை இல்லை, தொழில்நுட்பமும் தேறிவிட்டது. போனது நம்பிக்கை.

அதை மீட்டது ஒரு சின்ன மென்பொருள். 2003 மார்ச்சில் ஃபோக்ஸ்வேகன் 'கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ்' என்ற கார் வந்தது. புகைக் குழாயில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்தே டாங்கில் இருப்பது எத்தனாலா, பெட்ரோலா, கலவையா என்று கணினி ஊகித்துக்கொள்ளும். எதை வேண்டுமானாலும் போடலாம், எந்த விகிதத்திலும் கலக்கலாம். சில வருடங்களுக்குள் அங்கே விற்கும் புதுக் கார்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை ஆகிவிட்டன. பிரேசில்காரர் பங்க்கில் போய் நின்றால் மனக்கணக்குப் போடுவார். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். நான் மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்குக் கணக்குதான் இது.

வேகக் கார்களுக்கு வந்தபோது

இப்போது பிள்ளைகள் ஆசைப்படும் பக்கத்துக்கு வருவோம். இதில் முன்னோடி ஸ்வீடன். 2005-இல் சாப் 9-5 பயோபவர் என்ற டர்போ கார் அங்கே வந்தது. பெட்ரோல் போட்டால் 150 குதிரைத்திறன், ஈ85 போட்டால் 180. டாங்கில் எத்தனால் இருப்பதைக் கண்டுகொண்டு கார் தானாகவே டர்போ அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். 2007-இல் அதே நாட்டு கோனிக்செக் கம்பெனி ஒரு படி மேலே போனது. 806 குதிரைத்திறன் கொண்ட தன் சிசிஎக்ஸ் காரை எத்தனாலுக்கு ஏற்றபடி மாற்றி, சிசிஎக்ஸ்ஆர் என்று பெயரிட்டது. 1018 குதிரைத்திறன்! பசுமை எரிபொருள் என்றால் சோகையாக இருக்கும் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஸ்வீடனில் 2008 கடைசியில் பெட்ரோல் விலை இறங்கியதும் ஈ85 விற்பனை படுத்துவிட்டது. ஆனால் 1989 பிரேசில் போல யாரும் நடுத்தெருவில் நிற்கவில்லை. எல்லாம் ஃப்ளெக்ஸ் கார்கள், பெட்ரோல் போட்டுக்கொண்டு போனார்கள்.

பிரான்ஸ், பழைய பெட்ரோல் காரை மாற்றுவதற்கே 2017 டிசம்பரில் முறையான விதிகள் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற மாற்றுப் பெட்டி, அங்கீகாரம் பெற்ற பட்டறை, ஆர்.சி. புத்தகத்தில் திருத்தம். 2022 தொடக்கத்தில் அங்கே ஈ85 விலை பெட்ரோலில் பாதிக்கும் கீழே இருந்தது. ஜனங்கள் தாங்களாகவே வரிசையில் நின்று மாற்றிக்கொண்டார்கள். 28 சதவீதம் சக்தி குறைவு, 50 சதவீதம் விலை குறைவு. யாருக்குத்தான் கணக்குப் புரியாது?

சரி, நவீன டர்போ காரை ஈ85-க்கு மாற்ற என்னென்ன வேண்டும்?

1. பெரிய இன்ஜெக்டர். அதே அளவு காற்றுக்கு ஏறக்குறைய 40 சதவீதம் அதிகமாக எரிபொருள் பாய வேண்டும்.
2. அதைத் தள்ளக்கூடிய எரிபொருள் பம்ப்.
3. எத்தனால் அரிக்காத குழாய்கள், சீல்கள்.
4. டாங்கில் எத்தனை சதவீதம் எத்தனால் என்று நொடிக்கு நொடி சொல்லும் சென்சார்.
5. இதையெல்லாம் வைத்து எரிபொருள் அளவு, ஸ்பார்க் நேரம், டர்போ அழுத்தம் மூன்றையும் மாற்றி எழுதிய ஈசியூ மென்பொருள்.

ஐந்தாவது மட்டும் செய்துவிட்டு முதல் நான்கை விட்டால், வேகத்தில் எரிபொருள் பற்றாமல் போய், சூடேறி, பிஸ்டன் உருகும். இந்தியாவில் இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து வண்டியை அனுமதியில்லாமல் மாற்றக்கூடாது. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரும்போது அது தெரியும். வாரண்டியும் போய்விடும். தம்பிமார்கள் இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் பணம் கேட்கவும்.

நம் நாட்டுக் கதை

இந்தியாவுக்கு இது புதுசு இல்லை. இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் என்று 1948-லேயே ஒன்று இருந்தது. பெரிதாக நடக்காமல் 2000-இல் அதை ரத்து செய்தார்கள். அடுத்த வருடமே எத்தனால் கலந்து பார்க்க முன்னோட்டத் திட்டங்கள் தொடங்கின. மகாராஷ்டிராவில் மிரஜ், மன்மாட். மூன்றாவது, இங்கே எங்கள் பரேலி மாவட்டத்து ஆன்லா. (இந்தியில் நெல்லிக்காய்க்கும் அதே பெயர்.)

2003 ஜனவரியில் தமிழ்நாடு, உ.பி. உட்பட 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதம் கட்டாயம் ஆனது. பாண்டிச்சேரியும் அதில் உண்டு. உடனே வறட்சி வந்து கரும்பு விளைச்சல் விழுந்தது. 2004-இல் திட்டம் நொண்டியது. பிரேசில் 1989-இல் படித்த பாடத்தை நாம் சின்ன அளவில் படித்தோம்.

2013-14-இல் கலப்பு 1.5 சதவீதம்தான். 2018-இல் டிஸ்டில்லரி கட்ட வட்டி மானியம் வந்தது. என் மேஜையில் இருக்கும் ஃபைல்களுக்கு அதுதான் அடித்தளம். 2022-இல் 10 சதவீதம், 2025-இல் 20 சதவீதம். 2030-க்கு வைத்திருந்த இலக்கு ஐந்து வருடம் முன்னதாகவே வந்துவிட்டது. மேற்கு உ.பி.யில் ஆலை பாக்கிக்காக வருடக்கணக்கில் காத்திருந்த விவசாயிக்குச் சீக்கிரம் பணம் வர இது கைகொடுத்தது. அதை நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன், குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கரும்பு கரும்புதான். 2023-இல் மழை பொய்த்து, அந்த டிசம்பர் 7 அன்று கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க அரசு தடை போட்டது. ஒரு வாரம் கழித்துச் சர்க்கரை அளவுக்கு வரம்பு வைத்து ஓரளவு தளர்த்தியது. அந்த ஒரு வாரம் கடன் வாங்கிய ஆலைக்காரர்களின் ஃபோன் ஓயவில்லை. அதன்பின் மக்காச்சோளம் பெரிய பங்கு எடுத்துக்கொண்டது. அதிலிருந்து வரும் எத்தனாலுக்கு அரசு வைத்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 பைசா.

இனி நம் வீட்டுக் கணக்கு. 2021 அறிக்கை மைலேஜ் குறையும் என்று மட்டும் சொல்லவில்லை. பழைய வண்டிகளுக்காக ஈ10-உம் பங்க்கில் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. 2025-இல் ஈ20 நாடு முழுக்க வந்தபோது அந்த ஏற்பாடு வரவில்லை. விலையும் குறையவில்லை. வேண்டாதவர்களுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோலும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடியானது.

நம்மைப் போல ஊர் ஊராக மாற்றலாகிற குடும்பங்கள் அடிக்கடி கார் மாற்றுவதில்லை. குழந்தை பிறந்தபோது வாங்கிய கார் அது காலேஜ் போகும்வரை ஓடும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிதான் நம்மில் பலருக்கு. 2012 மாடல் வைத்திருப்பவர் மாதம் 5000 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், 6.7 சதவீதம் என்பது 335 ரூபாய். வருடத்துக்கு 4020. பெரிய தொகை இல்லைதான். ஆனால் யாரைக் கேட்டு டெபிட் போட்டார்கள் என்று கேட்கலாம் அல்லவா?

செய்ய வேண்டியது சிலது உண்டு. உரிமையாளர் கையேட்டிலும் டாங்க் மூடியின் உள்பக்கத்திலும் ஈ10, ஈ20 என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டி என்றால் எரிபொருள் குழாய், கேஸ்கெட், ரப்பர் சீல்களை அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகும்போது டாங்க்கைக் காலியாக விட்டுப் போகாமல் நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

பிரேசிலும் ஸ்வீடனும் பிரான்சும் காட்டுவது ஒன்றைத்தான். எத்தனாலில் கார் ஓடுமா என்ற கேள்விக்கு 1976-லேயே விடை கிடைத்துவிட்டது. எங்கெல்லாம் ஜனங்களுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியும், குறைந்த சக்திக்கேற்ற குறைந்த விலையும் கிடைத்ததோ, அங்கெல்லாம் அவர்களே விரும்பி மாறினார்கள். வழி இல்லாத இடத்தில் ஒரு தட்டுப்பாடு வந்ததும் பத்து வருட நம்பிக்கை போயிற்று. 2024 மார்ச்சில் தமிழ்நாடு, உ.பி., டெல்லி உட்பட ஐந்து இடங்களில் 183 பங்க்குகளில் எத்தனால் 100 விற்பனையைத் தொடங்கினார்கள். அதைப் போடக்கூடிய ஃப்ளெக்ஸ் கார்களும், பழைய கார்களுக்கு ஈ10-உம், இரண்டுக்கும் நியாயமான விலையும் சேர்ந்து வந்தால் இங்கேயும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஆன்லாக்காரரின் கரும்புக்கும் அதுதான் நிரந்தரமான சந்தை.